விறகிலிருந்து உலை வாயு

மூணாற்றிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள மாட்டுப்பட்டி, பெயருக்கேற்பக் கால்நடைகளால் அறியப்பட்ட இடமாகும். 1963ஆம் ஆண்டில் இந்திய அரசும் சுவிட்சர்லாந்து அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இங்கே ஒரு கால்நடைப் பண்ணை தொடங்கப்பெற்றது. பிரௌன் சுவிஸ் காளைகளை நாட்டுப் பசுக்களுடன் கலந்து 'சுநந்தினி' என்னும் புதிய இனத்தை உருவாக்கிய பணி இங்கே தொடங்கியதாகும். பண்ணையைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் தேயிலையும், தேயிலைத் தொழிற்சாலைகளின் அடுப்புக்காக நடப்பெற்ற யூகலிப்டஸ் மரங்களும் நிறைந்துள்ளன. இம்மரத்தை இப்பகுதி மக்கள் 'கிராண்டிஸ்' என்றே வழங்குகின்றனர்.

ஆகவே எரிபொருளாகத் தக்க இரண்டு பொருள்கள், சாணமும் விறகும், இங்கே ஒரே பள்ளத்தாக்கில் கிடைக்கின்றன. இரண்டிலிருந்தும் எரியும் வாயுவைப் பெறலாம். அந்த வாயுவைக் கொண்டு சமையல் அடுப்பை எரிக்கலாம் என்பது யாவரும் அறிந்ததே. இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் உலைகளையும், எஃகைப் பதப்படுத்தும் சூளைகளையும் நிலக்கரியும் டீசல் எண்ணெயும் இல்லாமல் அதே வாயுவால் நடத்த இயலுமா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் கேள்வியாகும். இயலும் என்பதற்கு நமது நாட்டிலேயே சான்று உண்டு. ஆனால் அச்சான்றை ஆராயும்போது, உலையைக் காட்டிலும் விறகு விளையும் நிலமே கடினமான பிரச்சினை என்பது தெளிவாகும்.

முதலில் சாணத்தை எடுத்துக்கொள்வோம். காற்றுப்புகாத தொட்டியில் சாணக் கரைசலை இட்டு வைத்தால், நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. இவ்வாயுவில் பாதிக்குச் சற்று மேல் மீத்தேனும், எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயுவும் அடங்கியிருக்கும். ஒரு கன மீட்டர் வாயு சுமார் 5,000 கிலோ கலோரி வெப்பம் தரும். ஒரு கிலோகிராம் பச்சைச் சாணத்திலிருந்து ஏறத்தாழ 40 லிட்டர் வாயு கிடைக்கும். இனி, நாளொன்றுக்கு 2,000 லிட்டர் டீசல் எண்ணெய் எரிக்கும் நடுத்தரத் தொழிற்கூடம் ஒன்றை நினைத்துக்கொள்க. ஒரு லிட்டர் டீசலுக்கு 8,600 கிலோ கலோரி என்று கொண்டால், அத்தொழிற்கூடத்தின் ஒருநாள் தேவை 172 லட்சம் கிலோ கலோரி. அதை ஈடுசெய்ய 3,440 கன மீட்டர் சாண வாயு வேண்டும். அதற்கு 86 டன் சாணம் வேண்டும். பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 15 கிலோகிராம் சாணம் என்று கணக்கிட்டால், ஒரே ஒரு தொழிற்கூடத்திற்காக 5,700 பசுக்களின் சாணத்தைத் தினந்தோறும் ஓரிடத்தில் சேர்த்தல் வேண்டும். மாட்டுப்பட்டியிலும் இது நடவாத காரியம். சாண வாயு வீட்டிற்கும் பண்ணைக்கும் மிக ஏற்றது. அதன் கழிவு நல்ல உரம். பெருந்தொழிலின் உலைக்கு வேறு வழியைத்தான் நாட வேண்டும்.

அவ்வழி, விறகை நுண்ணுயிர்களிடம் விடாமல் நெருப்பினாலேயே வாயுவாக்கும் முறையாகும்.

விறகு எரியும்போது உண்மையில் எரிவது எது என்பதை ஆசிரியர்கள் வகுப்பிலேயே எளிதாகக் காட்டலாம். கெட்டியான கண்ணாடிச் சோதனைக் குழாய் ஒன்றில் நன்கு உலர்ந்த மரச் சிராய்களை இட்டு, ஒற்றைத் துளையுள்ள தக்கையால் மூடி, துளையில் ஒரு கூர்முனைக் குழாயைச் செருக வேண்டும். சோதனைக் குழாயின் வாய்ப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்குமாறு பிடித்து, சாராய விளக்கினால் அடிப்பக்கத்தைச் சூடாக்கவேண்டும். முதலில் நீராவி வரும். பின்னர் மஞ்சள் கலந்த வெண்புகை வரும். கூர்முனையில் நெருப்பை வைத்தால் அப்புகை சுடர்விட்டு எரியும். குழாயின் தாழ்ந்த பக்கத்தில் பழுப்பு நிறத் திரவம் சேரும். அது நீர், புளிப்புச் சத்து, தார் ஆகியவற்றின் கலவை. வாய்ப்பக்கத்தைத் தாழ்த்திப் பிடிப்பதன் காரணமும் இதுவே: திரவம் சூடான அடிப்பக்கத்திற்கு ஓடினால் கண்ணாடி வெடித்துவிடும். இறுதியில் குழாயினுள் எஞ்சுவது கரி. வெளிவரும் வாயுவில் நச்சுத்தன்மை வாய்ந்த கார்பன் மானாக்ஸைடு கலந்திருப்பதால், இப்பரிசோதனையைச் சன்னல்கள் திறந்த அறையில், சிறிய அளவில் மட்டுமே செய்தல் வேண்டும்.

தொழிற்சாலையின் வாயு உற்பத்திக் கலன் இப்பரிசோதனையை இரண்டு வகையில் திருத்தி அமைக்கிறது. வெளியிலிருந்து சூடேற்றுவதற்குப் பதிலாக, விறகின் ஒரு பகுதி உள்ளேயே எரிந்து வெப்பத்தைத் தருகிறது. முழுவதும் எரிந்துபோகாதவாறு காற்று அளவோடு விடப்படுகிறது. முற்றிலும் எரிவதற்கு வேண்டிய காற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் உள்ளே செல்கிறது. இரண்டாவது திருத்தம், புகை வெளியேறும் வழியைப் பற்றியது. கீழ்நோக்கு வகைக் கலனில் புகை மேலே போகாமல், கலனின் கீழ்ப்பகுதியில் செக்கச்செவேலென்று கனன்று கொண்டிருக்கும் கரிப்படுகையின் ஊடாக இழுக்கப்படுகிறது. அங்கே தார் பெரும்பாலும் சிதைந்துபோகிறது. கரியமில வாயு, கரியோடு சேர்ந்து கார்பன் மானாக்ஸைடாக மாறுகிறது. நீராவி, கரியோடு சேர்ந்து ஹைட்ரஜனையும் கார்பன் மானாக்ஸைடையும் தருகிறது.

இவ்வாறு கிடைக்கும் வாயுவின் 100 பங்கில் கார்பன் மானாக்ஸைடு சுமார் 20, ஹைட்ரஜன் 18 முதல் 20, மீத்தேன் 1 அல்லது 2, கரியமில வாயு 12 பங்கு இருக்கும். எஞ்சிய பாதியளவு, காற்றோடு வந்த நைட்ரஜன். அது எரிவதுமில்லை, உதவுவதுமில்லை. ஒரு கிலோகிராம் உலர்ந்த விறகிலிருந்து சுமார் 2½ கன மீட்டர் வாயு கிடைக்கும். ஒரு கன மீட்டரின் வெப்பம் ஏறத்தாழ 1,100 கிலோ கலோரி. விறகில் இருந்த வெப்பத்தில் முக்கால் பங்கு இவ்வாறு வாயுவிற்கு மாறிவிடுகிறது.

இந்த 1,100 என்ற எண்ணைக் கண்டு பொறியாளர்கள் பலர் தயங்குவதுண்டு. இயற்கை வாயு ஒரு கன மீட்டருக்கு சுமார் 8,600 கிலோ கலோரி தருகையில், அதில் எட்டில் ஒரு பங்கே தரும் விறகு வாயுவால் எஃகைச் சிவக்கக் காய்ச்ச முடியுமா என்று அவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான், ஆயினும் கணக்கில் ஒரு பகுதி விட்டுப்போயிற்று. உலையில் எரிவது வாயு மட்டுமன்று, வாயுவும் காற்றும் சேர்ந்த கலவை. ஒரு கன மீட்டர் இயற்கை வாயு எரிவதற்கு 9½ கன மீட்டர் காற்று தேவை. ஆகவே 10½ கன மீட்டர் கலவைக்கு 8,600 கிலோ கலோரி, அதாவது கன மீட்டருக்குச் சுமார் 820. விறகு வாயுவிற்கு அதன் அளவிற்குச் சற்று மேற்பட்ட காற்றே போதும். சுமார் 2.2 கன மீட்டர் கலவைக்கு 1,100 கிலோ கலோரி, அதாவது கன மீட்டருக்கு 500. எட்டில் ஒரு பங்கு என்று தோன்றிய வாயு, உண்மையில் எரியும் இடத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஆகிவிடுகிறது. எனவே பெரிய குழாய்களும், அவ்வாயுவிற்கென்றே அமைந்த எரிமுனைகளும் வேண்டுமேயன்றி, வெப்பநிலை கிட்டாது என்று அஞ்ச வேண்டியதில்லை. 900 டிகிரி சென்டிகிரேட் வரையிலுள்ள வேலைகளுக்கு இது நேரடியாகவே போதும். எஃகுக் கட்டிகளை உருட்டுவதற்கு முன் 1,200 டிகிரிக்கு மேல் காய்ச்சவேண்டிய உலைகளுக்கு, எரிக்கும் காற்றை முன்கூட்டியே சூடாக்கிச் செலுத்துதல் வேண்டும்.

இது நூலறிவு மட்டுமன்று. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தினர் தாம் வடிவமைத்த திறந்தவாய்க் கலன்களைத் தொழிற்கூடங்களில் நிறுவிக் கண்ட முடிவுகளை 2003ஆம் ஆண்டில் ஆய்வுரையாக வெளியிட்டனர். இக்கலனின் வாய் மேலே திறந்திருக்கும். உட்புறம் பீங்கான் போன்ற வெப்பந்தாங்கும் பொருளால் பூசப்பட்டிருக்கும். காற்று மேலிருந்தும் பக்கத் துளைகளின் வழியாகவும் செல்லும். அவ்வாறு நிறுவிய இடங்களில் ஒன்று, தமிழ்நாட்டின் ஓசூரில் இயந்திரப் பாகங்களை வெப்பத்தால் பதப்படுத்தும் தொழிற்கூடமாகும். எஃகுப் பாகங்களைக் குறித்த வெப்பநிலைக்கு ஏற்றி, குறித்த நேரம் வைத்திருந்து, குறித்த வேகத்தில் ஆறவிடுவதே இங்குள்ள வேலை. கொல்லன் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதும் இதே தொழிலே. கொல்லன் நிறத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுகிறான். தொழிற்கூடத்தில் வெப்பமானி மதிப்பிடுகிறது. வெப்பம் சிறிது கூடினாலும் குறைந்தாலும் ஒரு சூளை நிறையப் பாகங்கள் வீணாகும். எனவே விறகை நேரடியாக எரித்து இவ்வேலையைச் செய்வது இயலாது. திருகைத் திருப்பிக் கூட்டவும் குறைக்கவும் தக்க எரிபொருள் வேண்டும். அதற்காகவே இத்தகைய கூடங்கள் எண்ணெயை நம்பியிருந்தன.

ஓசூரில் மணிக்கு 300 கிலோகிராம் விறகு கொள்ளும் ஒரே கலன் நிறுவப்பட்டது. அதிலிருந்து சென்ற வாயு, வெவ்வேறு வெப்பநிலையில் இயங்கிய 8 சூளைகளின் 16 எரிமுனைகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சூளைகளின் வெப்பநிலை சுமார் 600 டிகிரி முதல் 925 டிகிரி சென்டிகிரேட் வரை. வாரத்திற்கு 140 மணிக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட இடைவிடாமல், கலன் இயங்கிற்று. ஆய்வுரை எழுதப்பட்ட காலத்திற்குள் 4,000 மணிக்கு மேல் ஓடியிருந்தது. நாளொன்றுக்கு 2,000 லிட்டர் டீசல் அல்லது இலேசான உலை எண்ணெய்க்கு மாற்றாக, விறகு வாயு முழுவதுமாக நின்றது. சற்று முன் பசுக்களைக் கொண்டு கணக்கிட்டது இதே 2,000 லிட்டரைத்தான். அங்கே 86 டன் சாணம் கேட்ட வேலையை இங்கே 7.2 டன் விறகு செய்து முடித்தது. அதாவது ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 3.6 கிலோகிராம் விறகு. அதே ஆய்வுரையில், செண்டுமல்லிப் பூவை உலர்த்தும் ஆலை ஒன்றும் கூறப்பட்டுள்ளது. அங்கே மணிக்கு 500 கிலோகிராம் கொள்ளும் கலன், மணிக்கு 125 முதல் 150 லிட்டர் டீசலை ஈடுசெய்தது. அதையும் வகுத்துப் பார்த்தால் நடுத்தரமாக 3.6 என்றே வருகிறது. களப்பணியாளர்கள் இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், எந்தத் தொழிற்கூடத்தின் எண்ணெய்க் கணக்கைக் கண்டாலும் விறகுத் தேவையை உடனே மதிப்பிடலாம்.

வாயு மட்டும் பேசும் கணக்கின்படி 3.1 கிலோகிராம் போதும் என்று வரும் (8,600ஐ 2,750ஆல் வகுத்துக் காண்க). கூடுதலாகச் செலவாகும் அரைக் கிலோகிராம், பெரும்பாலும் புகைபோக்கி வழியே நைட்ரஜன் தூக்கிக்கொண்டு போகும் வெப்பமாகும்.

பழைய தொழில், புதிய எரிபொருள்

பெருந்தொழிலுக்கு இவ்வகை வாயு புதியதன்று. 1860களில் சீமென்ஸ் சகோதரர்கள் நிலக்கரியிலிருந்து இதே போன்ற வாயுவை எடுத்துக் கண்ணாடி உலைகளிலும், பின்னர் எஃகு உலைகளிலும் எரித்துக் காட்டினர். வெளியேறும் புகையின் வெப்பத்தைச் செங்கல் அடுக்குகளில் சேமித்து, உள்ளே வரும் வாயுவையும் காற்றையும் அதனால் சூடேற்றுவது அவர்கள் கண்ட உபாயம். அதனால் சக்தி குறைந்த வாயுவைக் கொண்டே எஃகை உருக்க முடிந்தது. பல பத்தாண்டுகள் உலகின் எஃகில் பெரும்பகுதி இந்தத் திறந்த அடுப்பு உலைகளிலேயே உருவாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் நமது ஊர்களில் பேருந்துகளின் பின்னால் கரி உலையைப் பொருத்தி, அவ்வாயுவில் ஓட்டியதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கலாம். போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் அவ்வுலைகள் பழைய இரும்பாயின. மலிவான எண்ணெய் கிடைக்கும் வரையில் இந்த வாயுவை எவரும் விரும்பித் தேடியதில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

இரும்பைக் காய்ச்சுவது ஒரு வேலை; கனியிலிருந்து இரும்பைப் பிரிப்பது வேறு வேலை. பின்னதில் கரி வெப்பத்தைத் தருவதோடு நிற்பதில்லை. கனியிலுள்ள பிராணவாயுவைப் பறித்துக்கொள்வதும் அதுவே. கார்பன் மானாக்ஸைடும் ஹைட்ரஜனும் இவ்வேலையைச் செய்யவல்லவை. ஆகையால் விறகு வாயுவைக் கொண்டு கனியை இரும்பாக்கலாம் என்பது தத்துவத்தில் சரியே. ஆனால் பாதியளவு நைட்ரஜன் கலந்த சாதாரண வாயு அதற்குப் பயன்படாது. காற்றுக்குப் பதிலாகப் பிராணவாயுவையும் நீராவியையும் செலுத்தி, கரியமில வாயுவையும் நீக்கிய பிறகே அது உரிய தரத்தை அடையும். செலவு மிகுந்த இவ்வேலை இன்னும் பெருமளவில் வேரூன்றவில்லை.

மரக்கரியை நேராகப் பயன்படுத்தும் பழைய வழியோ நம்மிடம் ஏற்கெனவே சோதிக்கப்பட்டது. மைசூர் சமஸ்தானத்தில் விசுவேசுவரய்யாவின் முயற்சியால் எழுந்த பத்ராவதி இரும்பாலையில் 1923ஆம் ஆண்டு முதல் மரக்கரி ஊதுலை இயங்கிற்று. சுற்றியிருந்த காட்டு மரத்தை மூடிய கலன்களில் சுட்டுக் கரியாக்கி, வெளிவந்த புகையிலிருந்து மர ஸ்பிரிட்டையும் தாரையும் பிற பொருள்களையும் பிரித்தெடுத்தனர். வகுப்பறையின் சோதனைக் குழாயில் நாம் செய்ததையே அவர்கள் பெருங்கலன்களில் செய்தனர் எனலாம். பிற்காலத்தில் அவ்வாலை மின்சார உலைகளுக்கு மாறிற்று.

அதற்கும் முன்னர், 1830ஆம் ஆண்டில், ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் தென்னார்க்காட்டுக் கடற்கரையில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலத்துக் கனியும் உள்நாட்டுக் காட்டின் கரியும் அதற்கு ஆதாரம். இரும்பின் தரத்தைப் பற்றி எவரும் குறைகூறவில்லை. ஆயினும் ஆலை நிலைக்கவில்லை. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, கரி தரும் காடு ஆண்டுக்கு ஆண்டு தொலைவாகிக்கொண்டே போனதாகும். உலையின் அருகிலுள்ள மரம் முதலில் தீரும். அடுத்த ஆண்டு வண்டிகள் இன்னும் நெடுந்தூரம் செல்ல வேண்டும். கரியின் விலை இரும்பின் விலையைத் தின்றுவிடும்.

நிலத்தின் கணக்கு

ஓசூர்த் தொழிற்கூடத்தின் கணக்கை இப்போது நிலத்திற்கு மாற்றிப் பார்ப்போம். வாரத்திற்கு 140 மணி, மணிக்கு 300 கிலோகிராம் என்றால் வாரத்திற்கு 42 டன். ஆண்டிற்கு 50 வாரம் என்று கொண்டால் 2,100 டன் உலர்ந்த விறகு. ஒரு ஹெக்டேர் தோட்டம் ஆண்டுக்கு 10 டன் உலர்ந்த விறகு தருமானால், அத்தோட்டம் 210 ஹெக்டேர், அதாவது சுமார் 520 ஏக்கர் இருத்தல் வேண்டும். ஒரு நடுத்தரத் தொழிற்கூடத்திற்கு 520 ஏக்கர்! நாட்டின் எஃகு உற்பத்தியோ 2023ஆம் ஆண்டில் சுமார் 14 கோடி டன். மரக்கரியால் ஒரு டன் இரும்பை எடுக்க ஏறத்தாழ 2½ டன் மரம் கரியாக வேண்டும். பிரேசில் நாட்டினர் பரந்த யூகலிப்டஸ் தோட்டங்களை வைத்துக்கொண்டு தமது இரும்பில் ஒரு பகுதியை இவ்வாறு எடுக்கின்றனர். நமது நாட்டின் நில நெருக்கத்தில், எஃகுத் தொழில் முழுவதையும் மரத்தின்மேல் ஏற்றுவது பற்றிப் பேசுவது பயனற்றது.

மாட்டுப்பட்டியைச் சுற்றியுள்ள மலைகள் இதைக் கண்கூடாகக் காட்டும். இம்மலைகளின் இயற்கைத் தோற்றம் அடர்ந்த காடு அன்று. மேடுகளில் புல்வெளியும், நீரோடும் மடிப்புகளில் சோலைக்காடும் கலந்ததே அது. புல்வெளி மழையை உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளுக்கு நீரைக் கசிய விடுகிறது. வரையாடுகள் மேய்வதும் நீலக்குறிஞ்சி பூப்பதும் இப்புல்வெளியிலேதான். தேயிலை ஆலைகளின் விறகிற்காகவும் பிற தேவைகளுக்காகவும் யூகலிப்டஸும் சீகை எனப்படும் வாட்டில் மரமும் இப்புல்வெளிகளில் நடப்பட்டன. பார்ப்பவர்க்குப் பசுமையாகவே தோன்றும்; ஆனால் ஓடைகள் வற்றலாயின என்பது இப்பகுதி மக்களின் முறையீடு. வட்டவடை, கொட்டகம்பூர்ப் பகுதியில் 2006ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலைச் சரணாலயத்தினுள்ளும் கிராண்டிஸ் மரங்கள் வளர்ந்து நிற்பது இன்றைய சிக்கல்களில் ஒன்று. ஆனைமுடிச் சோலைத் தேசியப் பூங்காவின் பழத்தோட்டம் பகுதியில், அந்நிய மரங்கள் போன நிலத்தில் புல்லை மீண்டும் வளர்க்கும் பணி நடைபெற்றுள்ளது.

ஆகையால், எண்ணெயை நீக்குவதற்கென்று மேலும் ஒரு புல்வெளியை மரத்தோட்டமாக்குவது எவ்வகையிலும் நியாயமாகாது என்பதே இக்கட்டுரையாசிரியரின் கருத்து. விறகு வாயு கரியமிலத்தைக் கூட்டாது என்று சொல்லுகையில், வெட்டிய மரம் மீண்டும் வளரும் என்பதை மட்டுமே கருதுகிறோம். முன்பு அந்நிலத்தின் மண்ணில் புல்வேர்கள் சேர்த்து வைத்திருந்த கரிமத்தையும் நீரையும் அக்கணக்கில் எவரும் எழுதுவதில்லை.

தேயிலை ஆலைகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தேயிலையை உலர்த்தச் சுமார் 100 டிகிரி வெப்பமுள்ள காற்றே போதும். அதற்கு விறகை நல்ல அடுப்பில் நேரடியாக எரித்தே வேலையை முடிக்கலாம். ஏற்கெனவே விறகு எரிக்கும் ஆலையில் வாயுக் கலனை நிறுவுவதைவிட, விறகை உலரவைத்து எரிப்பதிலும், புகையோடு போகும் வெப்பத்தை மீட்பதிலும் முதலில் கவனம் செலுத்துவது மேல். எண்ணெயோ இயற்கை வாயுவோ எரிந்துகொண்டிருக்கும் இடத்திலும், வெப்பத்தை நுட்பமாகக் கட்டுப்படுத்த வேண்டிய இடத்திலுமே வாயுவாக்கம் தன் விலையை மீட்கும்.

தோட்ட மரம் கூடாதெனில் எதை எரிப்பது? விளைச்சலின் கழிவையே நாட வேண்டும். மத்தியப் புதுப்பிக்கத்தக்க சக்தி அமைச்சகத்தின் மதிப்பீட்டின்படி, தீவனத்திற்கும் பிற தேவைகளுக்கும் போக எஞ்சும் விளைபொருட் கழிவு நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 23 கோடி டன். பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் ஓடு, ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து முசுக்கொட்டைக் குச்சி, இராமநாதபுரத்துச் சீமைக் கருவேலம் ஆகியவை இதற்கு ஏற்றவை. சீமைக் கருவேலம் விளைபொருட் கழிவு அன்றாயினும், அகற்றப்பட வேண்டிய மரமென்று யாவரும் ஒப்புவதால் இங்கே சேர்த்தோம். தேங்காய் ஓடு மிக நல்ல எரிபொருள். ஆனால் அதற்குக் கரித் தொழிற்சாலைகளே நல்ல விலை தருகின்றன. நெல் உமியிலும் வைக்கோலிலும் வேறு தொல்லை உண்டு. விறகில் சாம்பல் நூற்றுக்கு ஒன்றோ அதற்குக் குறைவோ ஆகும். உமியில் அது இருபதை எட்டும். வைக்கோலின் சாம்பலில் பொட்டாஷும் மணற்சத்தும் கலந்திருப்பதால், கலனின் சூட்டில் உருகிக் கட்டியாகி வழியை அடைத்துவிடும். விறகுக்கென்று அமைத்த கலனில் வைக்கோலை இட்டுக் கெடுத்துவிட்டு, கலனின்மேல் பழிபோடுதல் பயனில்லை.

கலனின் இரண்டு அபாயங்கள்

கலனிலிருந்து வரும் வாயுவைக் குளிர்வித்துக் கழுவுகையில், கழுவிய நீரில் தாரும் பீனால் முதலிய நச்சுப் பொருள்களும் சேர்கின்றன. ஓசூர்க் கலனுடன் அந்நீரைச் சுத்திகரித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் அமைப்பும் சேர்ந்தே இருந்தது என்பதைக் கவனிக்க. இதைப் புறக்கணித்தால் நேர்வதைக் குஜராத்தின் மோர்பியில் காணலாம். அங்குள்ள ஓட்டுத் தொழிற்சாலைகள் நிலக்கரி வாயுக் கலன்களைப் பெருமளவில் நிறுவி எரித்து வந்தன. தார் கலந்த கழிவுநீரும் புகையும் ஊரைக் கெடுப்பதைக் கண்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அக்கலன்களை மூடுமாறு உத்தரவிட்டது. அவை விறகுக் கலன்கள் அல்ல. எனினும் கழிவுநீரைப் பொறுத்தவரை வேறுபாடு அளவில்தானேயன்றித் தன்மையில் இல்லை.

மற்றோர் அபாயம் கார்பன் மானாக்ஸைடு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயு அமரவேண்டிய இடத்தில் அது அமர்ந்துகொள்வதால், தலைவலியும் மயக்கமும் தோன்றி, உயிருக்கே ஆபத்து நேரிடும். இத்தகைய கலன் உள்ள கட்டிடத்தில் காற்றோட்டமும், அவ்வாயுவைக் காட்டும் கருவியும் இன்றியமையாதவை. கலனைத் துவக்கும்போதும் நிறுத்தும்போதும், வாயுவும் காற்றும் குழாயினுள் கலந்து வெடிக்காதவாறு வெளியேற்றும் ஒழுங்கைத் தவறாது கடைப்பிடித்தல் வேண்டும். விறகுதானே என்ற எளிய எண்ணமே பணியாளர்களுக்குப் பெரிய பகை.

ஈரத்தைப் பற்றியும் கூறியாக வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீரே. கலனுக்கோ ஈரம் நூற்றுக்கு 15க்கு மேற்படாதிருத்தல் நலம். மிகுந்தால் கரிப்படுகை குளிர்ந்து, தார் சிதையாமல் வெளிவரும். தரகர் எடைபோட்டு விற்கும் விறகில் தொழிற்கூடம் தண்ணீரையும் சேர்த்தே விலைகொடுத்து வாங்குகிறது. இதை அளப்பது எளிது. விறகுக் குவியலின் பல இடங்களிலிருந்தும் துண்டுகளை எடுத்து, சிறு சிராய்களாக்கி, 100 கிராம் நிறுத்து, 105 டிகிரி வெப்பமுள்ள அடுப்புப்பெட்டியில் எடை மேலும் குறையாத வரை உலர்த்திப் பின் மீண்டும் நிறுக்க வேண்டும். குறைந்த கிராம்களே நூற்றுக்கணக்கிலான ஈரம். பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே மாணவர்கள் இதைச் செய்து, மழைக்காலத்து விறகையும் கோடைக்காலத்து விறகையும் ஒப்பிடலாம். மாட்டுப்பட்டி போன்று ஆண்டில் பல மாதங்கள் மழையும் மூடுபனியும் உள்ள இடத்தில், விறகைக் கூரையின் கீழ் அடுக்கி, உலைப் புகையின் வெப்பத்தால் உலர்த்தும் ஏற்பாடு இல்லாமல் கலனை நடத்த இயலாது.

குறிஞ்சிமலையிலும் அதையொட்டிய மலைகளிலும் புல்வெளியை மீட்பதற்காகக் கிராண்டிஸ் மரங்கள் வெட்டப்படுமானால், அவ்விறகை என் செய்வது என்று கேட்கப்படலாம். அதை வாயுவாக்கி எண்ணெயைச் சேமிப்பதில் தவறில்லை. ஆனால் அவ்விறகு ஒருமுறை மட்டுமே கிடைக்கும். 15 அல்லது 20 ஆண்டுகள் உழைக்கவேண்டிய கலனுக்கு முதல் சில ஆண்டுகளின் தீனி மட்டுமே அதில் உண்டு. பின்னர் எந்த வயலிலிருந்து, எத்தனை கிலோமீட்டர் தொலைவிலிருந்து, என்ன விலைக்குக் கழிவு வரும் என்று எழுத்தில் காட்டப்படாத திட்டத்தைக் களப்பணியாளர்கள் பரிந்துரைத்தல் ஆகாது.